ஷெறோனின் விருந்துக்கு வராத பியர்

பைப்பின் கைப்பிடியைக் கீழே இழுத்ததும் பியர் வரவில்லை, காற்றுத்தான் வந்தது. ‘உஸ்’ என்று நீளமாக ஒரு சத்தம், கண்ணாடிக் குவளையின் அடியில் இரண்டு துளி நுரை, அவ்வளவுதான். கத்தரின் கைப்பிடியை மேலே தள்ளிவிட்டு மறுபடி இழுத்தாள். மறுபடியும் காற்று.

சனிக்கிழமை, பகல் பன்னிரண்டே முக்கால். ஒரு மணிக்கு ஆட்கள் வரத் தொடங்கிவிடுவார்கள். மகள் ஷெறோன் அடுத்த நாள் லீட்ஸுக்குப் போகிறாள், அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் மருந்தாளர் வேலை. அவளை வழியனுப்பத்தான் இந்த மதிய விருந்து. பங்குக் கோயிலில் இரவல் வாங்கிய பதினாறு பிளாஸ்டிக் கதிரைகள் பின்வளவில் போட்டாயிற்று. ஆட்டிறைச்சி அடுப்பிலிருந்து இறங்கிவிட்டது. றோல்ஸ் பொரித்து இரண்டு தட்டில் அடுக்கி மூடி வைத்தாயிற்று. மிச்சம் இருந்தது பியர் ஒன்றுதான். அதைப் பற்றித்தான் கத்தரின் மூன்று கிழமையாக எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

“என்னப்பா சத்தம்?” என்று கேட்டுக்கொண்டு கணவர் சவிரிமுத்து ஷெட் வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு சின்னக் குவளை. அவர் பஸ் சாரதி. ஞாயிறு விடியற்புறம் நாலரைக்கு டிப்போவில் நிற்க வேண்டும். வேலைக்கு முதல் நாள் பகல் மூன்று மணிக்குப் பிறகு ஒரு சொட்டும் வாயில் வைக்க மாட்டார். அது அவரே தனக்குப் போட்ட சட்டம். அதனால் முதல் குவளையை அவருக்குத்தான் ஊற்றுவதாகக் கத்தரின் சொல்லியிருந்தாள்.

“வரேல்ல” என்றாள்.

“கொஞ்சம் பொறுத்துப் பாருமன்.”

“பொறுத்து என்ன? பைப்பைத் திறந்தா வரவேணும். இதென்ன, பஸ்ஸே காத்து நிக்கிறதுக்கு?”

அவர் குவளையைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றார். அவள் கோபப்படும்போது அவர் ஒன்றும் சொல்வதில்லை. அதுவும் அவளுக்குக் கோபத்தைக் கிளப்பும்.

கத்தரின் வீட்டில் பியர் காய்ச்சத் தொடங்கி நாலு வருஷம். அவள் குடிக்கிறவள் அல்ல. அரைக் குவளைக்கு மேல் குடித்தால் தலை இடிக்கும். பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த ஷெறோன் ஒரு நத்தாருக்கு, கிறிஸ்துமஸ் பரிசாக, அப்பாவுக்கு என்று ஒரு பியர் செய்யும் பெட்டி வாங்கி வந்தாள். சவிரிமுத்து சிரித்துவிட்டு அதை அலுமாரிக்கு மேலே ஏற்றி வைத்தார். ஆறு மாதம் அங்கேயே கிடந்த பெட்டியை ஒருநாள் தூசி தட்ட இறக்கிய கத்தரின், உள்ளே இருந்த விளக்கத்தாளை நின்ற நிலையிலேயே வாசித்து முடித்தாள். கழுவு, கிருமி நீக்கு, ஆறவிடு, மூடு, நாளைக் குறித்து வை, திறக்காதே. அந்தத் தாள் அவளுக்குப் பழக்கமான பாஷையில் பேசியது.

ஏனென்றால் அவளுடைய வேலையே அதுதான். மன்னாரிலிருந்து பத்தொன்பது வயதில் லண்டனுக்கு வந்தவள், முதலில் ஒரு ஹோட்டலில் அறை துடைத்தாள். பிறகு டூட்டிங் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் சத்திரசிகிச்சை ஆயுதங்கள் கழுவும் பகுதியில் சேர்ந்தாள். அறுவை அறையிலிருந்து இரத்தத்தோடு வரும் கத்தரிக்கோல்களையும் இடுக்கிகளையும் கழுவி, நுணுக்கமாகப் பார்த்து, கழற்றியதைப் பூட்டி, பட்டியலில் உள்ளபடி தட்டில் அடுக்கி, ஆவியில் வேகவைத்து அனுப்ப வேண்டும். ஒரு தட்டில் எண்பது சாமான்கூட இருக்கும். பத்தொன்பது வருஷத்தில் கத்தரின் அடுக்கிய தட்டு ஒன்றாவது திரும்பி வந்தது கிடையாது. இதை அவளே சொல்வாள். அடிக்கடி சொல்வாள்.

ஊர்ச்சனத்துக்குள் முதலில் கதை எழும்பத்தான் செய்தது. பொம்பிளை சாராயம் காய்ச்சுதாம் என்று கோயில் வாசலில் ஒருத்தி சொன்னது அவள் காதுக்கு வந்தது. அடுத்த ஞாயிறு அந்தப் பெண்ணிடமே ஒரு போத்தலைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். “சாராயம் இல்லை. குடிச்சுப்போட்டுச் சொல்லுங்கோ.” அதற்குப் பிறகு கதை நின்றது. போத்தல் கேட்டு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். போன வருஷம்தான் கெக் வாங்கினாள். கெக் என்பது முழங்காலுக்குக் கொஞ்சம் மேல் வரும் எஃகு உருளை; பத்தொன்பது லீற்றர் கொள்ளும். மேலே இரண்டு வாய்கள். ஒரு வாயில் சிலிண்டரிலிருந்து வரும் காஸைப் பூட்டினால், அந்தக் காஸ் பியரை அமுக்கி மற்ற வாயால் பைப்புக்கு ஏற்றும். அதற்கென்று ஷெட்டுக்குள் ஒரு பழைய பிரிஜ் வைத்து, அதன் கதவில் துளை போட்டுப் பைப்பும் பூட்டியிருந்தாள்.

இந்த முறை இஞ்சியும் தோடம்பழத் தோலும் போட்ட பியர். ஷெறோனுக்குப் பிடித்தது.

கத்தரின் முறைப்படி பார்த்தாள். சிலிண்டரில் காஸ் இருக்கிறதா? முள் பச்சையில் நின்றது. அழுத்தம் சரியா? சரி. குழாய் எங்கேயாவது மடிந்திருக்கிறதா? பிரிஜ்ஜைச் சுவரிலிருந்து இழுத்துப் பின்னால் தலையை விட்டுப் பார்த்தாள். இல்லை. குளிர் கூடி பியர் உறைந்துவிட்டதா? கெக்கின் வெளிப்பக்கத்தைத் தடவினாள். குளிர்ந்திருந்தது, உறையவில்லை. கெக்கைக் கைபோட்டுச் சரித்துப் பார்த்தாள். கனத்தது. வயிறு நிறையப் பியர் இருந்தது.

அப்படியானால் ஏன் வரவில்லை?

வாசல் மணி அடித்தது. முதலில் வந்தது சவிரிமுத்துவின் தம்பி கிருசாந்தன். ஹவுன்ஸ்லோவில் இருப்பவன், விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிகள் போகும் பெல்ட்டுகளைப் பழுதுபார்க்கும் வேலை. பின்வளவுக்கு வந்து ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்ததுமே அவன் சட்டைக் கையை மடித்துவிட்டான்.

“என்ன அண்ணி, பிரஷர் காணாதோ?”

“பிரஷர் இருக்கு. கையை வைக்காதை கிருசா.”

“ஒருக்காத் திறந்து காட்டுங்கோ.”

திறந்து காட்டினாள். உஸ்.

கிருசாந்தன் சிரித்தான். “உள்ளுக்க ஒண்டும் இல்லை அண்ணி. அண்ணை இரவு இரவா முடிச்சிட்டார்.”

பின்னால் நின்ற சவிரிமுத்துவும் சிரித்தார். கத்தரின் சிரிக்கவில்லை. அவளுக்கு நெற்றி வியர்த்தது. ஷெட்டுக்குள் ஜூலை வெயில் தகரக் கூரையால் இறங்கிக்கொண்டிருந்தது. வெளியே செருப்புச் சத்தங்கள், பேச்சுக்குரல்கள். ஷெறோன் எல்லோரையும் கூட்டிவந்து இருத்திக்கொண்டிருந்தாள். “அம்மா, எல்லாரும் வந்திட்டினம்” என்று அவள் குரல் கேட்டது. “வாறன்” என்று கத்தரின் கத்தினாள்.

ஒன்றே முக்கால் ஆகியும் பியர் வரவில்லை. சாப்பாட்டைப் பரிமாறாமல் இருக்க முடியாது. “நான் வரும் மட்டும் ஒருத்தரும் தொடக்கூடாது” என்று சொல்லிவிட்டு அவள் சோறும் கறியும் எடுத்துவர உள்ளே போனாள். பதினாறு பேருக்கும் போட்டு, யாருக்கு உறைப்பு ஆகாது, யார் இறைச்சி சாப்பிடமாட்டார் என்று பார்த்துப் பார்த்து வைத்து முடிய அரை மணித்தியாலம். ஒவ்வொருவரும் தட்டை வாங்கும்போது, “எங்க உங்கட பியர்?” என்று கேட்டார்கள். நல்ல மனத்தோடுதான் கேட்டார்கள். ஒவ்வொரு தடவையும் அவளுக்கு ஊசியால் குத்தியது போல இருந்தது.

திரும்பிப் போனபோது ஷெட்டுக்குள் மூன்று ஆண்கள் நின்றார்கள். கெக் பிரிஜ்ஜுக்கு வெளியே இருந்தது. கிருசாந்தன் அதைக் கட்டிப்பிடித்து முன்னும் பின்னுமாகக் குலுக்கிக்கொண்டிருந்தான். கத்தரின் அழுத்தக் கடிகாரத்தின் முள்ளைப் பார்த்தாள். அவள் வைத்த பன்னிரண்டில் நின்ற முள் முப்பதைத் தாண்டியிருந்தது.

“என்ன கோதாரி செய்யிறாய் கிருசா!”

“அடைப்பெடுக்கிறன் அண்ணி. அடியில மண்டி பிடிச்சிருக்கும். குலுக்கி, பிரஷரைக் கூட்டி அடிச்சா சரி.”

“மண்டி அடியில படியத்தான் மூண்டு கிழமை ஆடாம அசையாம வைச்சது! விடு!”

அவன் விட்டான். பைப்பை இழுத்துப் பார்த்தான். முன்பைவிடப் பெரிய உஸ். பக்கத்தில் நின்ற ஒருவர், பெட்டிக்கடையில் சோடாப் போத்தல் திறந்த சத்தம் போல இருக்கிறது என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

கத்தரின் யோசித்தாள். அடைப்பு என்றால் ஒன்றுமே வரக்கூடாது. இங்கே காஸ் வருகிறது, பியர் மட்டும் வரவில்லை. பியர் வரும் வாயின் கீழே, கெக்கின் அடிமட்டும் போகிற நீளக்குழாய் ஒன்று இருக்கிறது. அதுதான் அடியிலிருந்து பியரை உறிஞ்சிக் கொண்டுவருவது. அந்தக் குழாய் மேலோடு முறிந்து விழுந்திருந்தால்? அப்போது மேலே நிற்கும் காஸ்தான் வெளியே வரும். சரியாக இதேபோல.

எஃகுக் குழாய் தானாக முறியாது. யாராவது விழுத்தியிருக்க வேண்டும்.

வியாழக்கிழமை அவள் வேலையால் வந்தபோது சவிரிமுத்து புல்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஷெட்டிலிருந்து வெளியே வந்தார். கெக் பிரிஜ்ஜுக்குள் இருந்தது. காலையில் அது வீட்டுக்குள் மாடிப்படிக்குக் கீழே இருந்தது. “உமக்குக் கஷ்டம் எண்டு நானே கொண்டுபோய் வைச்சிட்டன்” என்று அவர் சொன்னார். அவள் நன்றிகூடச் சொல்லியிருந்தாள்.

ஷெட்டை விட்டு வெளியே வந்தாள். சவிரிமுத்து மேசையடியில் நின்று யாருக்கோ சோடா ஊற்றிக்கொண்டிருந்தார்.

“வியாழக்கிழமை கெக்கைத் தூக்கிக்கொண்டு போகேக்க விழுத்தினனீங்களோ?”

எல்லோருக்கும் கேட்டது.

“இல்லையே.”

“எங்கையும் இடிபட்டதோ?”

அவர் சோடாப் போத்தலின் மூடியைத் திருகினார். “மெல்லத்தான் கொண்டுபோனனான்.”

“மெல்லக் கொண்டுபோனா உள்ளுக்க இருக்கிற குழாய் என்னெண்டு முறியும்? நான் பூட்டின சாமான். பத்தொன்பது வருசமா ஒரு ஆணி நான் பிழையாப் பூட்டினதில்லை. உங்களை ஆர் அதைத் தொடச் சொன்னது? கேக்காம ஒண்டைச் செய்யிறது, பிறகு பேசாம நிக்கிறது. இந்த வீட்டில எது பழுதாப் போனாலும் இதுதானே கதை!”

கரண்டிச் சத்தங்கள் நின்றன. யாரோ ஒருவர் மட்டும் தெரியாமல் மென்றுகொண்டிருந்தார். ஷெறோன், “அம்மா, இட்ஸ் ஓகே, விடுங்கோ” என்றாள் மெதுவாக.

சவிரிமுத்து போத்தலை மேசையில் வைத்தார். “நான் கடையில போய் எடுத்துக்கொண்டு வாறன்” என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் பக்கத்துப் பாதையால் வெளியே போனார். கால் மணித்தியாலத்தில் இரண்டு பெட்டி பியர் தகரங்களோடு திரும்பி வந்தார். ஆட்கள் அதை உடைத்துக் குடித்தார்கள். கதையும் சிரிப்பும் மெல்ல மெல்லத் திரும்பி வந்தன. ஷெறோனுக்குப் பரிசு கொடுத்தார்கள், படம் எடுத்தார்கள். அந்தப் படங்களில் கத்தரின் இரண்டில்தான் இருக்கிறாள். இரண்டிலும் அவள் பார்வை வேறெங்கோ.

நாலு மணிக்கு மேல் ஆட்கள் கலைந்தார்கள். கிருசாந்தனும் மனைவியும் மட்டும் நின்றார்கள். கத்தரின் ஷெட்டுக் கதவை உட்பக்கமாகச் சாத்திவிட்டு, ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் இருந்தாள். கிருசாந்தன் கூட்டிவிட்ட அழுத்தத்தை முதலில் குறைக்க வேண்டும். காஸ் குழாயைக் கழற்றினாள். சிலிண்டரின் திருகியைத் திருகி முள்ளைக் கீழே கொண்டுவந்தாள். பைப்பை இழுத்து, கெக்குக்குள் மிஞ்சிய காஸைக் கொஞ்சம் வெளியே விட்டாள். சரிபார்க்க மறுபடி காஸ் குழாயைக் கெக்கில் பூட்டினாள்.

களக், களக், களக்.

கெக்குக்குள் கொப்பளிக்கும் சத்தம். மீன்தொட்டிக்குக் காற்றடிக்கும்போது வருவது போன்ற சத்தம். அதை அவள் முன்பும் ஒருமுறை கேட்டிருக்கிறாள். பியரை ஊற்றி மூடி முதன்முதல் காஸ் கொடுத்த அன்று. நல்லாய்ப் பிடிக்குது என்று சந்தோஷப்பட்டாள். இப்போது ஷெட்டுக்குள் வேறு சத்தம் இல்லை. குனிந்து காதை எஃகில் வைத்தாள். கொப்பளிப்பு மேலே இல்லை. அடியில் கேட்டது.

காஸ் ஏன் அடியிலிருந்து கொப்பளிக்க வேண்டும்? காஸ் போகிற வாயின் கீழே இருப்பது விரல் நீளக் கட்டைக்குழாய். காஸ் அதால் இறங்கி பியருக்கு மேலே நிற்க வேண்டும், சத்தம் இல்லாமல். அடியில் கொப்பளிக்கிறது என்றால் காஸ் நீளக்குழாயால் இறங்குகிறது. நீளக்குழாய் காஸ் பக்கம் இருக்கிறது. கட்டைக்குழாய் பியர் பக்கம் இருக்கிறது.

குழாய் முறியவில்லை. இரண்டும் மாறிப் பூட்டப்பட்டிருந்தன.

கத்தரின் காதை எடுக்காமல் அப்படியே இருந்தாள். யார் பூட்டியது என்று கேட்கத் தேவையில்லை. அந்த வாய்களின் திருகுகளை இறுக்கும் சாவியை அவள் யார் கையிலும் கொடுத்ததில்லை.

மூன்று கிழமைக்கு முந்திய செவ்வாய்க்கிழமை பின்னேரம் அது. குசினியில், சமைக்கிற மேசையில் சுத்தமான துவாயை விரித்து, கழுவிய பாகங்களை வரிசையாக அடுக்கியிருந்தாள். போன் அடித்தது. கை ஈரம் என்பதால் ஸ்பீக்கரில் போட்டாள். “அம்மா, எனக்கு வேலை கிடைச்சிட்டுது. லீட்ஸில” என்றாள் ஷெறோன். “நல்லது பிள்ளை, கடவுளுக்கு நன்றி” என்று கத்தரின் சொன்னாள். எப்போது போகவேண்டும், எங்கே இருப்பாய், அந்த அறைக்கு ஹீட்டர் இருக்கா என்று எல்லாம் கேட்டாள். கேட்கக் கேட்கக் கை பூட்டிக்கொண்டே இருந்தது. போனை வைத்தபோது கெக்கும் பூட்டி முடிந்திருந்தது. எப்படிப் பூட்டினோம் என்று அவளுக்கு இப்போது ஒன்றுமே ஞாபகம் வரவில்லை. மகளுடைய குரல் மட்டும்தான் ஞாபகம் இருந்தது.

மூடியில் இருந்த வளையத்தை இழுத்து அழுத்தத்தை வெளியே விட்டாள். குலுக்கிய பியர் சும்மா இருக்குமா? வெள்ளை நுரை சீறிக்கொண்டு கிளம்பி அவள் முகத்திலும் விருந்துக்கென்று உடுத்த நீலச் சேலையிலும் அடித்தது. துடைக்கக்கூட இல்லை. வளையத்தைக் கொஞ்சம் விடுவாள், நுரை வரும், மூடுவாள், பொறுப்பாள், மறுபடி விடுவாள். முக்கால் மணித்தியாலம் அப்படியே போயிற்று. நுரை அடங்கி, அழுத்தம் முழுதும் போனபிறகு சாவியைப் போட்டுக் காஸ் வாயைத் திருகினாள். இழுத்தாள். கையோடு நீளக்குழாய் வந்தது. வளைவு நெளிவு இல்லாமல் பளபளவென்று.

இரண்டையும் மாற்றிப் பூட்ட ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. காஸைப் பூட்டினாள். சத்தமே இல்லை. பைப்பை இழுத்தாள். பியர் வந்தது. முக்கால்வாசி நுரையும் கால்வாசிப் பியருமாக, பக்கத்தில் இருந்த கண்ணாடி ஜக்கை நிறைத்துக்கொண்டு வந்தது.

கதவைத் தட்டிவிட்டு கிருசாந்தன் எட்டிப் பார்த்தான். “ஆ! வருதே! என்ன நடந்ததண்ணி?”

“குழாய் ரெண்டும் மாறிக் கிடந்தது.”

“நீங்கள் சொன்னதுதானே! அண்ணை விழுத்தினதில கழண்டு மாறிப் போச்சு.”

எஃகுக் கெக்குக்குள் பூட்டிய குழாய்கள் தாமே கழன்று இடம் மாறிப் பூட்டிக்கொள்ளாது என்பது பெல்ட்டு பழுதுபார்க்கிறவனுக்குத் தெரியாதா? யோசித்தால் தெரியும். அவன் யோசிக்கவில்லை. அவன் வீட்டுப் பக்கம் திரும்பி, “அண்ணை! பியர் வருது! உங்கட வேலைதானாம்!” என்று கத்திக்கொண்டு போனான். அவள் அதைத் தடுக்கவில்லை.

ஜக்கில் இருந்த நுரையை வடிகானுக்குள் ஊற்றினாள். இன்னொரு ஜக். அதையும் ஊற்றினாள். இது ஒருவருக்கும் தெரியத் தேவையில்லை என்று ஒரு எண்ணம் வந்தது. எந்தக் குழாய் எங்கே போகவேண்டும் என்று இந்த வீட்டில் அவளைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. இரண்டு நாளில் எல்லோரும் மறந்துவிடுவார்கள். மூன்றாவது ஜக்கில் பாதிக்குப் பியர் தெளிந்தது. அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனாள்.

குசினியில் சவிரிமுத்து ஆட்டிறைச்சிச் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். முதுகு அவள் பக்கம். சுவர் மணிக்கூடு ஐந்தேமுக்கால். அவருடைய மூன்று மணி எப்போதோ போய்விட்டது. மத்தியானம் அவர் கொண்டுவந்த சின்னக் குவளை கழுவிக் கவிழ்த்தபடி இருந்தது.

“கத்தரின்” என்றார் அவர், திரும்பாமல். “அண்டைக்கு ஷெட் வாசல்படியில ஒருக்கா இடிச்சனான்தான். கை வழுக்கிப் போச்சு. பெரிசா இல்லை. ஆனா இடிபட்டது. நீர் கேக்கேக்க எல்லாருக்கும் முன்னால சொல்ல ஒருமாதிரி இருந்தது. சொல்லாம விட்டது என்ர பிழை.”

அவள் ஜக்கை மேசையில் வைத்தாள். வைத்த வேகத்தில் பியர் சிந்தியது.

“அது இல்லை.”

“என்னது?”

“இடிச்சதால ஒண்டும் நடக்கேல்ல. நான் மாறிப் பூட்டினன்.”

சவிரிமுத்து திரும்பினார். கையில் சவர்க்கார நுரை.

“குழாய் ரெண்டையும் நான்தான் இடம் மாறிப் பூட்டினன். உங்களில ஒரு பிழையும் இல்லை.” பிறகு குரலைக் கூட்டி, முன்னறையில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி சொன்னாள்: “கிருசா, கேட்டியோ? அண்ணை இல்லை. நான்தான் பிழையாப் பூட்டினது.”

கிருசாந்தன், “சரி அண்ணி, அதுக்கென்ன” என்று சொன்னது கேட்டது. ஷெறோன் குசினி வாசலுக்கு வந்தாள்.

“எப்பிடி அம்மா? யூ நெவர்...”

“போன் கதைச்சுக்கொண்டு பூட்டினன்” என்றாள் கத்தரின். யாரோடு கதைத்தது என்று சொல்லவில்லை. ஷெறோன் கேட்கவும் இல்லை.

சவிரிமுத்து கையைக் கழுவித் துடைத்தார். ஜக்கை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். மணந்து பார்த்தார். “நல்ல வாசம்” என்றார். பிறகு மணிக்கூட்டைப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

“ஒரு வாய்தானே” என்றாள் அவள்.

“ஏலாது கத்தரின். செவ்வாய்க்கிழமை லீவுதானே. அண்டைக்குக் குடிக்கிறன்.”

ஷெறோன் ஒரு குவளை ஊற்றினாள். நுரை இறங்க ஐந்து நிமிஷம் பிடித்தது. குடித்துவிட்டு, “சூப்பர் அம்மா” என்றாள். அவள் எதைக் கொடுத்தாலும் சூப்பர் என்றுதான் சொல்வாள். கத்தரின் அவளுக்கு முன்னால் இருந்துகொண்டு, ஈரச் சேலையோடு, அரைக் குவளை குடித்தாள். நாக்கில் ஒன்றும் பிடிபடவில்லை. பத்தொன்பது லீற்றர் காய்ச்சியது பதினாறு பேர் குடிக்க. குடித்தது ஷெறோன் ஒரு குவளை, அவள் அரைக் குவளை.

ஞாயிறு பத்து மணி ரயிலில் ஷெறோன் போனாள். கிங்ஸ் கிராஸ் ஸ்டேஷன்வரை கத்தரின் கூடப் போய் ஏற்றிவிட்டு வந்தாள். சவிரிமுத்து வேலையில் நின்றார். இடையில் இரண்டு தரம் போன் எடுத்து ரயில் வெளிக்கிட்டதா என்று கேட்டார்.

திங்கள் காலை வேலைக்குப் போனாள். முதல் தட்டு, முழங்கால் அறுவைக்குரியது. பட்டியலைப் பார்த்து அடுக்கி முடித்தாள். மறுபடி எல்லாவற்றையும் வெளியே எடுத்து மறுபடி அடுக்கினாள். மூடியைப் போடக் கை போகவில்லை. பக்கத்து மேசையில் திருச்சிக்காரி ராஜலட்சுமி நின்றாள். ஆறு வருஷமாகப் பக்கத்தில் நிற்கிறவள்.

“ராஜி, இதை ஒருக்காப் பாக்கிறீரோ? எல்லாம் சரியோ எண்டு.”

ராஜலட்சுமி கையுறையோடு அப்படியே நின்றுவிட்டாள். “என்னக்கா, உடம்பு சரியில்லையா?”

“உடம்புக்கு ஒண்டுமில்லை. பாருமன்.”

ராஜலட்சுமி பட்டியலோடு ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். “ஆமாக்கா, எல்லாம் கரெக்டா இருக்கு. உங்க தட்டை நான் செக் பண்றதா? நாளைக்கு மழைதான்” என்று சிரித்தாள். கத்தரினுக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. ஆனாலும் அடுத்த தட்டையும் அவளிடம் காட்டினாள்.

செவ்வாய் மத்தியானம் சவிரிமுத்து தானே இரண்டு கதிரைகளைத் தூக்கிக்கொண்டு வந்து ஷெட் வாசலில் போட்டார். கத்தரின் பைப்பை இழுத்தாள். இந்த முறை நுரை ஒரு விரல் உயரம்தான். பியர் ஒழுங்காக, ஒரே சீராக இறங்கியது. ஆனால் கலங்கலாக இருந்தது. கிருசாந்தன் குலுக்கிய குலுக்கில் கிளம்பிய மண்டி இன்னும் படியவில்லை. பச்சைத் தண்ணிபோலத் தெளிவாக வரவேண்டிய பியர், பழைய தேயிலைச்சாயம் போல வந்தது.

“பாருங்கோ இதை” என்றாள். “மூண்டு கிழமை பொத்திப் பொத்தி வைச்சது. உங்கட தம்பி கையை வைச்சான் ஒரு நிமிசம்.”

“குடிக்கலாம்தானே.”

“குடிக்கலாம். ஆனா இப்பிடி இல்லை இது.”

சவிரிமுத்து ஒரு மிடறு குடித்தார். இன்னொரு மிடறு. அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இஞ்சி கொஞ்சம் கூடிப்போச்சு” என்றார்.

“கூடேல்ல.”

“தொண்டையில பிடிக்குது.”

“அது இஞ்சி இல்லை, மண்டி. உங்கட தம்பியின்ர மண்டி.”

“சரி, மண்டி.”

“சும்மா சரி எண்டு சொல்லாதேங்கோ. இஞ்சி எண்டு நினைச்சா இஞ்சி எண்டு சொல்லுங்கோ.”

சவிரிமுத்து இன்னொரு மிடறு எடுத்து, வாயில் வைத்திருந்து விழுங்கினார். யோசித்தார்.

“இஞ்சிதான்” என்றார்.

கத்தரின் அவர் கையிலிருந்த குவளையை வாங்கித் தானும் குடித்துப் பார்த்தாள். இஞ்சி கூடத்தான். ஷெறோனுக்குப் பிடிக்கும் என்று காய்ச்சும்போது கடைசியில் ஒரு பிடி அதிகமாகப் போட்டிருந்தாள். அதைச் சொல்லாமல் குவளையை அவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, நத்தாருக்கு ஷெறோன் வரும்போது காய்ச்சவேண்டியதற்கு எத்தனை கிழமை முன்னால் தொடங்கவேண்டும் என்று விரல் மடித்துப் பார்த்தாள்.